செம்பேன், அதைத் தின்ற பேன், நடுவுல நாங்க: ஒரு பாலிஹவுஸ் வெள்ளரியோட 22 வாரம்

பின்னணி

1000 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான ஒரு பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் ஷீட் மூடின குடில். உள்ள கயித்துல ஏத்தி விட்ட வெள்ளரி. பாத்துக்கிறது ரெண்டே பேர்தான், ஐம்பது தாண்டின பெரியவர் ஒருத்தர், அவரோட அக்கா பையன் ஒருத்தன். முடிவெடுக்கிறது மாமா, எழுதி வைக்கிறது பையன். அந்தப் பையன் என்னைக்கு என்ன மருந்து, எத்தனை டேங்க், அன்னைக்கு உள்ள எவ்வளவு சூடுன்னு ஒரு நோட்டுல விடாம எழுதி வச்சிருந்தான், அது மட்டும் இல்லேன்னா இந்த எழுத்தே இல்ல. நான் பயிர்ப் பாதுகாப்புல ஆலோசனை சொல்ற ஆள், என்னைக் கூப்பிட்டது 8வது வாரம்தான், அதனால அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் நோட்டுல இருந்தும் அவங்க வாயால சொன்னதுல இருந்தும் எடுத்தது.

3வது வாரம் வெள்ளை ஈ வந்திருக்கு. பெரியவர் கைவசம் இருந்த பைரித்ராய்டு மருந்த அடிச்சார், அடுத்த வாரம் இன்னொரு தடவையும் அடிச்சார். ஈ குறைஞ்சுது, அவருக்கும் நிம்மதி. 5வது வாரம் அடி இலைங்கள்ல ஊசியால குத்தின மாதிரி வெளிறின புள்ளி. இது சத்துக் குறைபாடுதான்னு முடிவு பண்ணி நுண்ணூட்டக் கலவை தெளிச்சாங்க, அதுல ஒரு வாரம் போச்சு. இந்த இடத்துல அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், மேல இருந்து பாத்தா மெக்னீசியம் குறையற மாதிரியேதான் இருக்கும், இலையைத் திருப்பிப் பாக்கணும்னு தோணினாதான் விஷயம் தெரியும்.

6வது வாரம் பையன் திருப்பிப் பாத்தான். இலைக்கும் காம்புக்கும் நடுவுல மெல்லிசா நூலாம்படை, அதுல தூசி மாதிரி என்னமோ நகருது. செம்பேன், இலைச் சாறை உறிஞ்சுற பொடி சைஸ் சிலந்திப்பேன். உடனே அபாமெக்டின்ங்கிற பேன் மருந்தை அடிச்சாங்க, நல்லாவே அடங்குச்சு, ஒன்பதாவது நாள் திரும்ப வந்துது. இன்னொரு தடவை அடிச்சாங்க, இந்தத் தடவை ஆறே நாள்ல வந்துது. அப்புறம்தான் எனக்குப் போன்.

8வது வாரம்: உள்ள என்ன இருந்துது, வெளிய என்ன இருந்துது

முதல் நாள் நான் ஒரு மருந்தும் சொல்லல, லென்ஸ எடுத்துக்கிட்டு வரிசை வரிசையா இலையைத் திருப்பிக்கிட்டுப் போனேன். கிட்டத்தட்ட எல்லா வரிசைலயும் செம்பேன் இருந்துது. மஞ்சப்பச்சை உடம்பு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கருப்புப் புள்ளி, நடை ரொம்ப மந்தம். கண்ணாடி மணி மாதிரி உருண்டையா முட்டை, நரம்போரமா கொட்டிக் கிடந்துது. சூடு 30 டிகிரி பக்கம் இருந்தா அந்த முட்டை ஒரு வாரத்துல முட்டை போடுற பேனா ஆயிடும். ஒரு பெட்டை வாழ்நாள்ல 100 முட்டை பக்கம் போடும், ஆண் கிடைக்கலேன்னாலும் போடும், அதுல ஆண் மட்டும் பிறக்கும், அந்த ஆண் வளர்ந்ததும் வம்சம் ஓட ஆரம்பிச்சிடும். அபாமெக்டின் நடக்கிற பேனைக் கொன்னுது, முட்டையை அவ்வளவா தொடல, ஒன்பதாவது நாள் திரும்ப வந்ததுக்கு இது பாதி காரணம்.

மீதி காரணம் எனக்கு வெளியதான் கிடைச்சுது. பாலிஹவுஸ் கதவுல இருந்து அஞ்சாறு அடி தள்ளி, தண்ணி வடியிற வாய்க்கால் ஓரமா களை மண்டிக் கிடந்துது. சும்மா ஒரு இலையைப் பறிச்சுத் திருப்பினேன், அதே செம்பேன். ஆனா ஒரு இலைக்கு நாலஞ்சுதான், நூலாம்படை கிடையாது. பக்கத்துல ஆரஞ்சு கலர்ல, கண்ணீர்த்துளி வடிவத்துல, முன்னங்கால் நீளமா ஒரு பேன் விறுவிறுன்னு ஓடிக்கிட்டு இருந்துது, ஓடுற வேகத்துலயே தெரியும் அது இரை தேடுற ஜாதின்னு. இன்னொரு இலைல கடுகை விடச் சின்னதா ஒரு கருப்புப் பொறிவண்டு, அதுவும் செம்பேனைத் தின்னு வாழுறதுதான். பையனைக் கூப்பிட்டு லென்ஸ அவன் கைல குடுத்தேன். அந்த ஓடுற பேன் ஒரு முட்டைகிட்ட நின்னு, முன்னங்காலால தடவிப் பாத்து, வாயை வச்சு உறிஞ்சி, வெறும் தோலை விட்டுட்டு அடுத்ததுக்குப் போச்சு. "அண்ணா, இது ஏன் உள்ள ஒண்ணு கூட இல்ல?"ன்னு கேட்டான்.

வாய்க்கால் ஓரம் யாரும் மருந்து அடிக்கல, வித்தியாசம் அவ்வளவுதான். பைரித்ராய்டு வெள்ளை ஈயைக் கொன்னப்போ செம்பேனைப் பெருசா ஒண்ணும் பண்ணல, கொஞ்சம் கலைச்சு விட்டு அடுத்த செடிக்கு ஓட வச்சது, அவ்வளவே. அதைத் தின்னுறதை மட்டும் சுத்தமா துடைச்சிடுச்சு.

மருந்து ரெண்டு பேரையும் சமமா கொன்னாலும் ஏன் நமக்குத்தான் நஷ்டம்

பெரியவருக்கு ஒரு சந்தேகம் இருந்துது, நியாயமான சந்தேகம். "சரி தம்பி, ரெண்டும் செத்துச்சுன்னே வச்சுக்குவோம், அப்ப பழைய நிலைமைதானே, அது எப்படி முன்ன விட மோசமாகும்?"

அவருக்கு நான் மீன் கதையைச் சொன்னேன். முதல் உலகப் போர் சமயத்துல ஏட்ரியாட்டிக் கடல்ல மீன்பிடிப்பு ரொம்பக் குறைஞ்சுது. உம்பெர்டோ டாங்கோனான்னு ஒரு உயிரியல்காரர் துறைமுகக் கணக்கை எல்லாம் எடுத்துப் பாத்தா, ஃப்யூமே துறைமுகத்துல வந்து இறங்கின மீன்ல சுறா, திருக்கை மாதிரி வேட்டையாடுற மீனோட பங்கு 1914ல 12 சதவீதம் பக்கம் இருந்தது 1918ல 36 சதவீதம் பக்கம் ஏறியிருக்கு, போர் முடிஞ்சு படகெல்லாம் திரும்பக் கடலுக்குப் போனதும் அதுவும் இறங்கிடுச்சு. மீன்பிடிப்பு குறைஞ்சா எல்லா மீனும்தானே கூடணும், வேட்டை மீனுக்கு மட்டும் ஏன் லாபம்னு அவர் போய்க் கேட்டது கணித மேதை விட்டோ வால்டெராவை. வால்டெரா அவருக்கு மாமனார் முறை, மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு மாமனார் 1926ல கணக்கு போட்டுப் பதில் சொன்னார். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஆல்ஃபிரட் லோட்காங்கிற இன்னொரு கணிதக்காரரும் தனியா அதே சமன்பாட்டுக்கு வந்திருந்தார்.

கணக்கு சொல்றது இதுதான். இரையையும் அதைத் தின்னுறதையும் ஒரே விகிதத்துல சேத்து அழிச்சுக்கிட்டே இருந்தா, சராசரியா இரை கூடும், தின்னுறது குறையும். இரைக்கு ஒரு பக்கம் சாவு கூடினாலும் இன்னொரு பக்கம் தன்னைத் தின்ன ஆள் குறையுது. தின்னுறதுக்கு அந்த ஆறுதல் கிடையாது, அது மருந்துலயும் சாகுது, சாப்பாடு குறைஞ்சும் சாகுது. போதாததுக்கு செம்பேன் மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கிறதுல பேர் போனது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், அப்புறம் ஸ்ப்ரேயரை எடுத்து ஷெட்டுக்குள்ள வச்சுட்டு வந்தார். அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

முடிவு 1: உடனே விடல

மருந்துக்குப் பதிலா செம்பேனைத் தின்னுற வேட்டைப் பேனை உள்ள விடுறதுன்னு முடிவு. அப்படி வெளிய இருந்து வாங்கி விடுறதுல ரொம்பப் பழக்கமானது ஃபைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ். 1958ல சிலியில இருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்கிட் செடியோட தெரியாம வந்து சேர்ந்து, அப்புறம் கண்ணாடிக்குடில் விவசாயத்தையே மாத்தின பேன். செம்பேன் வகையறாவைத் தவிர வேற எதையும் வச்சுப் பிழைக்காது. ஒரு பெட்டை ஒரு நாளைக்கு 20 முட்டை பக்கம் தின்னும், பெரிய பேனா இருந்தா அஞ்சு போல. பேன் கைக்கு வந்ததும் விட்டுடலாம்னுதான் ரெண்டு பேரும் நினைச்சாங்க, நான் தடுத்தேன், ஏன்னா பைரித்ராய்டு எச்சம் இலைல வாரக்கணக்கா நிக்கும்.

முதல்ல கொஞ்சம் பேன் மட்டும் வரவழைச்சு ஒரு சோதனை வச்சோம். மருந்து பட்ட அடி இலை ஒண்ணு, மருந்துக்கு அப்புறம் விரிஞ்ச மேல் இலை ஒண்ணு, ரெண்டையும் தனித்தனி டப்பால ஈரப் பஞ்சு மேல வச்சு ஆளுக்குப் பத்து பேன் விட்டோம். ரெண்டு நாள் கழிச்சு அடி இலைல ஆறு பேன் காலை மடக்கிக்கிட்டுக் கிடந்துது, ஒண்ணு ரெண்டு இருந்த இடத்துலயே தள்ளாடிச்சு. மேல் இலைல ஒன்பது நல்லா ஓடுது. பைரித்ராய்டு செடிக்குள்ள ஊடுருவிப் பரவற மருந்து இல்ல, அதனால புது இலைக்கு ஒண்ணும் ஆகலன்னு அதுலயே தெரிஞ்சுது.

அதனால ரெண்டு வாரம் காத்திருந்தோம். அந்த நேரத்துல அடி இலையை எல்லாம் கிள்ளிப் பைல கட்டி வெளிய எடுத்தாங்க, நூலாம்படை கட்டின மூணு வரிசையை முழுசா பிடுங்கினாங்க, காலைல இலைக்கு அடியில தண்ணியைப் பீச்சி அடிச்சாங்க. தண்ணில பேன் கொஞ்சம் கழுவிப் போகும், ஆனா எனக்கு வேண்டியது ஈரப்பதம், 60 சதவீதத்துக்குக் கீழ போனா வேட்டைப் பேனோட முட்டை சுருங்கிடும். மூணு வரிசை போனதுல பெரியவருக்கு ரொம்ப மனக்கஷ்டம், அதை அவர் மறைக்கவும் இல்ல.

முடிவு 2: பூச்சி அதிகமா இருக்கிற இடத்துல நிறைய, மத்த இடத்துல கொஞ்சமா

10வது வாரம் விட்டோம். பேன் வெர்மிகுலைட்ங்கிற லேசான கனிமத் துகளோட கலந்து பாட்டில்ல வரும், எல்லாம் மூடிகிட்ட ஏறிக் கிடக்கும், பாட்டிலைப் படுக்க வச்சு மெதுவா உருட்டாம தட்டினா முதல் செடிக்கே பாதி போயிடும். பையன் முதல் பாட்டில்ல அப்படித்தான் பண்ணினான், ரெண்டாவதுல கத்துக்கிட்டான்.

சமமா தூவணும்னு பெரியவர் நினைச்சார், உரம் மாதிரி. ஆனா சாப்பாடு எங்க கூட்டமா இருக்கோ அங்கதான் அது நிறைய முட்டை போடும், அங்க பெருகி அப்புறம் தானா பரவும். அதனால செம்பேன் கூடுதலா இருந்த இலைங்களுக்கு கலர் நூல் கட்டி அங்க மட்டும் தாராளமா போட்டோம். வாரா வாரம் அதே இலைங்கள்ல எண்ணுறதுன்னு முடிவு. செம்பேன் எத்தனைன்னு மட்டும் எண்ணினா பிரயோஜனம் இல்ல, ஒரு வேட்டைப் பேனுக்கு எத்தனை செம்பேன்னு பாக்கணும், 10க்கு 1 பக்கம் வந்துட்டா ஜெயிச்ச மாதிரி.

11வது வாரம்: மோசமான வாரம்

விட்டு ஆறாவது நாள் ராத்திரி பெரியவர் போன் பண்ணினார். "தம்பி, குறையவே இல்ல, கூடியிருக்கு. ஒரே ஒரு தடவை அடிச்சிடட்டுமா?" உண்மைதான், செம்பேன் கூடித்தான் இருந்துது. இந்த மாதிரி வேலை பாதிக்கு மேல கெட்டுப்போறது இந்த வாரத்துலதான்னு என் அனுபவத்துல சொல்லுவேன்.

காலைல போய் நூல் கட்டின இலையைப் பாத்தேன். வேட்டைப் பேன் கொஞ்சம்தான் கண்ணுல பட்டுது, ஆனா செம்பேன் முட்டைங்களுக்கு நடுவுல அது மாதிரி ரெண்டு மடங்கு பெருசா, உருண்டையா இல்லாம நீள்வட்டமா, லேசான ஆரஞ்சு சாயல்ல முட்டை கிடந்துது. ஒரு இலைல ஏழு, பக்கத்து இலைல அஞ்சு. இது வேட்டைப் பேன் போட்ட முட்டை. விட்ட பேன் இன்னும் பெருகல, பெருகறதுக்கான ஏற்பாட்டைப் பண்ணிக்கிட்டு இருக்கு. தின்னுற ஜாதி எப்பவும் பின்னாடிதான் வரும், முதல்ல சாப்பாடு கூடணும், சாப்பிட்டது முட்டை ஆகணும், முட்டை வளர்ந்து பேன் ஆகணும், அந்த இடைவெளி முழுக்க இரைதான் மேல ஏறும். அதே வால்டெரா கணக்குல ரெண்டு கோடும் ஒரே நேரத்துல ஏறி இறங்காது, ஒண்ணோட உச்சிக்கு அப்புறம்தான் இன்னொண்ணோட உச்சி.

எங்களுக்கு ஒரு நல்ல நேரம், வெளிய மேகமூட்டமா இருந்து உள்ள சூடு 25 டிகிரி பக்கம் நின்னுது. மிதமான சூட்டுல பெர்சிமிலிஸ் வேகமா வளரும், 20 டிகிரில செம்பேனுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல ஆகிற வளர்ச்சி இதுக்கு ஒன்பது பத்து நாள்ல முடிஞ்சிடும். 30ஐத் தாண்டினா நிலைமை தலைகீழ், சூடும் வறட்சியும் செம்பேனுக்குத்தான் கொண்டாட்டம். அதனால நிழல் வலை, காலைத் தண்ணி, அவ்வளவுதான் பண்ணச் சொன்னேன். பெரியவர் அடிக்கல. அந்த ஒரு வாரம் அவர் தூங்கியிருக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

12 முதல் 14 வரை

12வது வாரக் கடைசில எண்ணும்போது சில இலைல விகிதம் 10க்கு 1ஐ விட நல்லா இறங்கியிருந்துது. 13வது வாரம் சட்டுன்னு விழுந்துது. நூலாம்படை அப்படியே இருக்கு, உள்ள வெறும் தோல்தான், அதுக்கு மேல வேட்டைப் பேன் பட்டாளமா அலையுது. 14வது வாரம் செம்பேனும் இல்ல, வேட்டைப் பேனும் தேடினாதான் கிடைக்குது, கிடைச்சதும் வெளிறிப் போய் மெலிஞ்சு இருந்துது. சாப்பாடு தீர்ந்தா இது செடியை விட்டுக் கிளம்பிடும், இல்லேன்னா ஒண்ணை ஒண்ணு தின்னும், அப்புறம் செத்துப் போகும். புது இலை எல்லாம் பச்சைப் பசேல்னு இருந்துது, மாமாவும் பையனும் ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க, நானும் சந்தோஷப்பட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன், இதுல தப்பு என்னோடது.

அந்த வாரம் ரெண்டு காரியம் நடந்துது. ஒண்ணு, அடுத்து என்ன ஆகும்னு நான் அவங்களுக்குச் சொல்லாம வந்தது. இன்னொண்ணு, பையன் உற்சாகத்துல வாய்க்கால் ஓரத்துக் களையை எல்லாம் செதுக்கிச் சுத்தம் பண்ணினது. அதை வைங்கன்னு நான் சொல்லியிருந்தா வச்சிருப்பான்.

16வது வாரம்: திரும்ப வந்துது

கதவுப் பக்கத்து மூலை ரெண்டுலயும் செம்பேன். அப்புறம் கூரையை ஒட்டின கொழுந்துலயும், அங்கதான் சூடு அதிகம். நிறைய இல்ல, ஆனா இலையைத் திருப்பித் திருப்பிப் பாத்தும் வேட்டைப் பேன் ஒண்ணு கூடக் கண்ணுல படல, வாய்க்கால் ஓரமும் மொட்டை.

1958லயே கார்ல் ஹஃபேக்கர்ங்கிற பூச்சியியல்காரர் கலிஃபோர்னியால ஆரஞ்சுப் பழத்தை அடுக்கி வச்சு, செம்பேன் வகையறாவுல ஒரு பேனையும் அதைத் தின்னுற பேனையும் விட்டு இதைச் செஞ்சு காட்டியிருக்கார். பழத்தை சாதாரணமா அடுக்கினப்போ வேட்டைப் பேன் இரையை எல்லாம் தேடித் தின்னுட்டுப் பட்டினில அதுவும் போச்சு. அப்புறம் 252 பழம், நடுவுல நடுவுல வேட்டைப் பேன் சீக்கிரம் தாண்ட முடியாம வாசலின் தடுப்பு, இரைப் பேன் நூல் விட்டுப் பறந்து போக சின்னச் சின்னக் குச்சி, இப்படி ஒளிய இடம் குடுத்தப்போ ரெண்டும் மூணு சுத்து ஏறி இறங்கி நீடிச்சு வாழ்ந்துது. இது நான் எத்தனையோ பேருக்குச் சொல்ற கதை, என் கண்ணு முன்னாடி இருந்த பாலிஹவுஸ்ல அதைப் பாக்கத் தவறிட்டேன். களையையும் செதுக்கி, இலையையும் சுத்தமாக்கி, ஹஃபேக்கரோட முதல் அடுக்கைத்தான் நாங்க கட்டி வச்சிருந்தோம், இரை மட்டும் வெளிய இருந்து காத்துல திரும்ப வர வழி இருந்துது.

முடிவு 3: கொஞ்சம் பூச்சி இருக்கட்டும்

இந்தத் தடவை பெர்சிமிலிஸ் கொஞ்சமா அந்த மூலைங்கள்ல மட்டும். கூடவே நியோசியுலஸ் கலிஃபோர்னிகஸ், இது அவ்வளவு வேகமா தின்னாது, ஆனா செம்பேன் இல்லாத நாள்ல மகரந்தம், வேற சின்னப் பூச்சின்னு எதையாவது தின்னு தாக்குப் பிடிக்கும், சூட்டையும் கொஞ்சம் நல்லா தாங்கும். களையைத் திரும்ப வளர விட்டோம். இன்னொண்ணும் கேட்டேன், அதுக்குத்தான் பெரியவர் முகம் மாறுச்சு: லேசா செம்பேன் இருக்கிற இலையைக் கிள்ளாம விடுங்க. "காசு குடுத்துப் பூச்சியை ஒழிச்சுட்டு, திரும்ப அதையே வளர்க்கச் சொல்றியேப்பா"ன்னார். கண்ணாடிக்குடில் வெள்ளரில நட்டதும் செம்பேனை வேணும்னே கொஞ்சம் விட்டு, அப்புறம் வேட்டைப் பேனை விடுற முறை கூட இருக்குன்னு சொன்னேன், நம்பின மாதிரி தெரியல, ஆனா இலையை விட்டு வச்சார்.

பலன்

22வது வாரம் பயிரைப் பிடுங்குற வரைக்கும் செம்பேன் ஒரு தடவை கூட முழுசா போகல, நூலாம்படை கட்டுற அளவுக்குப் போகவும் இல்ல. ரெண்டு தடவை லேசா ஏறிச்சு, பின்னாடியே வேட்டைப் பேன் ஏறிச்சு, இறங்கிச்சு. பேனுக்குன்னு மருந்து அடிக்கல. பிடுங்கின மூணு வரிசையோட மகசூல் போனது போனதுதான், அது திரும்ப வரல. வெள்ளை ஈ மட்டும் முடியாத கதையா இருந்துது, மஞ்சள் ஒட்டும் அட்டையை வச்சு ஓட்டினாங்க, அதைப் பத்தி நல்லா செஞ்சோம்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல.

மாத்திச் செய்ய வேண்டியது

வெள்ளை ஈக்கு முதல் மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி, உள்ளயும் வெளியயும் இலைல யார் யாரைத் தின்னுக்கிட்டு இருக்காங்கன்னு லென்ஸ்ல பாத்திருக்கணும். புள்ளி வந்த அன்னைக்கே இலையைத் திருப்பியிருந்தா நுண்ணூட்டத்துல ஒரு வாரம் போயிருக்காது. என் பக்கத்துல, 13வது வாரம் செம்பேன் விழும்போதே அடுத்த பட்டினியைக் கணக்குல எடுத்து கலிஃபோர்னிகஸை அப்பவே விட்டிருக்கணும், களையைத் தொடாதீங்கன்னு நோட்டுலயே எழுதிக் குடுத்திருக்கணும். எண்ணுற இலையைக் கொஞ்சம் கூரைப் பக்கமும் வச்சிருக்கணும், நாங்க கட்டின நூல் எல்லாம் கைக்கு எட்டுற உயரத்துலயே இருந்துது, மேல சூட்டுல என்ன நடந்துதுன்னு 16வது வாரம் வரைக்கும் யாரும் ஏணி போட்டுப் பாக்கல.